சிகிச்சைக்குப் பின் நடைபாதைதானா? - மூன்று அமைச்சகங்களுக்கு இடையே சிக்கிய வீடற்ற குடும்பங்கள்

புதுதில்லி: நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகங்கள் குறித்த பொதுநல வழக்கு 2025 பிப்ரவரி 12-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. தேர்தல் நேர இலவசங்களால் மக்கள் உழைக்க முன்வருவதில்லை என்று நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு அப்போது தெரிவித்த கருத்தே மறுநாள் நாளிதழ்களில் தலைப்புச் செய்தியானது. மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் ஆர். வெங்கடரமணி அதே விசாரணையில் தெரிவித்த தகவல் அந்தப் பரபரப்பில் அமுங்கிப்போனது. நகர்ப்புற வறுமை ஒழிப்பு இயக்கம் ஒன்றை மத்திய அரசு இறுதி செய்து வருகிறது. வீடற்றோருக்கான உறைவிடம் உள்ளிட்ட பிரச்னைகள் அதில் கவனிக்கப்படும் என்பதே அந்தத் தகவல். அது எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டுத் தெரிவிக்குமாறு நீதிமன்றம் பணித்தது.

இந்தத் தகவலுக்கு முக்கியத்துவம் உண்டு. நகரங்களில் வீடற்றோர் காப்பகங்களுக்கு மத்திய நிதி வழங்கிவந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பருடன் முடிவடைந்துவிட்டது. அதன் இடத்தில் வரும் திட்டம் எப்படி எழுதப்படுகிறதோ, அதுவே அடுத்த பத்தாண்டுகளுக்கு நடைபாதைவாசிகளின் நிலையைத் தீர்மானிக்கும். பழைய திட்டத்தில் பெயரளவில் மட்டுமே இடம்பெற்றிருந்த ஒரு பிரிவினர், புதிய திட்டத்திலாவது உரிய இடம் பெறுவார்களா என்பதே கேள்வி. குடும்பத்தில் ஒருவர் மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையாகி, சிகிச்சை பெற்று, திரும்பிச் செல்ல வீடில்லாமல் நிற்கும் குடும்பங்களே அந்தப் பிரிவினர்.

எண்கள் சொல்வது என்ன?

வீடற்றோர் என்றாலே தனியாகத் திரியும் ஆண்கள் என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு விதமாகச் சொல்கிறது. அதன்படி நாட்டில் வீடற்றோர் 17.73 லட்சம் பேர். இவர்கள் 4.49 லட்சம் குடும்பங்களாகக் கணக்கிடப்பட்டுள்ளனர். அதாவது குடும்பம் ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 பேர். சாலையோரம், மேம்பாலத்தின் அடி, ரயில் நிலைய நடைமேடை, கோயில் மண்டபம் ஆகிய இடங்களில் கணவன், மனைவி, குழந்தைகள் எனக் குடும்பமாகவே மக்கள் வாழ்கின்றனர்.

2001-ல் 19.43 லட்சமாக இருந்த மொத்த எண்ணிக்கை பத்தாண்டுகளில் சற்றுக் குறைந்தது. ஆனால் நகரங்களில் மட்டும் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாக, அதாவது 20 சதவீதம் உயர்ந்தது. தலைநகர் தில்லியில் 46,724 பேர் கணக்கில் வந்தனர். ஓர் இரவில் தெருவில் கண்ணில் பட்டவர்களை மட்டுமே கொண்ட கணக்கு என்பதால், உண்மையான எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு என்பது தொண்டு நிறுவனங்களின் வாதம். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்றளவும் திட்டமிடலுக்கு 2011-ம் ஆண்டு எண்களே ஆதாரமாக உள்ளன.

போதைப் பழக்கம் குறித்த பெரிய ஆய்வு 2019-ல் வெளியானது. சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் அதை நடத்தியது. 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துபவர்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு அது சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் அளவுக்குப் பிரச்னையாகிவிட்டது. ஓபியம், ஹெராயின் வகைப் போதைப்பொருள்களால் உதவி தேவைப்படும் நிலைக்கு ஆளானோர் சுமார் 77 லட்சம் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்.

இந்த ஆய்வின் பெரும்பகுதி இரண்டு லட்சம் வீடுகளுக்குச் சென்று நடத்தப்பட்டது. கதவு இல்லாதவர்களை அத்தகைய ஆய்வு சென்றடையாது. போதைப்பொருள் பயன்படுத்துவோர் மூலமாகவே மற்றவர்களைக் கண்டறியும் தனி முறை ஒன்றும் உடன் பின்பற்றப்பட்டது. என்றாலும், வீடற்ற குடும்பங்களில் எத்தனை குடும்பங்கள் போதையின் பிடியில் உள்ளன என்பதற்குத் தனிக் கணக்கு அதில் இல்லை. வீடற்றோரை எண்ணும் கணக்கில் போதை குறித்த கேள்வி கிடையாது; போதையை அளக்கும் கணக்கில் வீடற்ற குடும்பம் தனியாகத் தெரிவதில்லை.

ஒரு குடும்பம், மூன்று கோப்புகள்

கட்டடத் தொழிலாளி ஒருவர் மதுவுக்கு அடிமையாகி வாடகை வீட்டை இழந்து, மனைவி மற்றும் இரு குழந்தைகளுடன் மேம்பாலத்தின் அடியில் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்கு அவர் சம்மதித்தால், சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியுடன் தொண்டு நிறுவனம் நடத்தும் ஒருங்கிணைந்த போதை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்படலாம். நாடு முழுவதும் இத்தகைய மையங்கள் சுமார் 350 உள்ளன. அங்கு அவருக்கு மட்டுமே இடம் உண்டு.

மனைவி எங்கே செல்வது? ஆதரவற்ற பெண்களுக்கான சக்தி சதன் இல்லங்கள், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின்கீழ் வருகின்றன. தாயுடன் தங்கும் ஆண் குழந்தைக்கு அங்கு வயது வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டிய மகன் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பப்படுவான். பெண்கள் இல்லத்தில் இடம் கிடைக்காவிட்டால் மாநகராட்சியின் இரவுநேரக் காப்பகமே கதி. அது வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் பொறுப்பு. ஆக, ஒரே குடும்பம் மூன்று அமைச்சகங்களில் மூன்று கோப்புகளாகப் பிரிந்துவிடுகிறது.

சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சிகிச்சை முடிகிறது. மையத்திலிருந்து வெளியே வருபவருக்கு மருந்துச் சீட்டு உண்டு; தொடர் ஆலோசனைக்கு வர வேண்டிய தேதியும் உண்டு. முகவரி மட்டும் இல்லை. அவர் திரும்பிச் செல்வது அதே மேம்பாலத்துக்கு, அதே கூட்டாளிகளிடம். போதைப் பழக்கத்தில் இருந்து மீண்டவருக்கு முதல் ஓராண்டே மிகவும் ஆபத்தான காலம். பழைய இடமும் பழைய முகங்களும் மீண்டும் ஏக்கத்தைத் தூண்டும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த உண்மை. ஹெராயின் போன்றவற்றில் இருந்து மீண்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சில வாரங்கள் விலகி இருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. திரும்பவும் அதே அளவை எடுத்துக்கொள்பவர் உயிரிழக்க நேரிடுகிறது.

பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் நிலைமை மேலும் மோசம். 2019 ஆய்வின்படி மது அருந்துவோர் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். இதனால் மறுவாழ்வு மையங்களில் பெரும்பாலானவை ஆண்களை மனதில் கொண்டே அமைந்துள்ளன. குழந்தையை எங்கே விடுவது என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சையைத் தவிர்க்கும் தாய் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

தில்லியின் அனுபவம்

வீடற்றோர் பிரச்னையில் நீதிமன்றங்கள் அதிகம் தலையிட்ட நகரம் தில்லி. 2009 டிசம்பரில், கடும் குளிரில், பூசா சாலையில் இருந்த தாற்காலிகக் காப்பகத்தை மாநகராட்சி அகற்றியதே இதற்குத் தொடக்கம். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் இதைச் சுட்டிக்காட்ட, 2010 ஜனவரியில் நீதிமன்றம் தலையிட்டது. பின்னர் அது பிற நகரங்களுக்கும் விரிவடைந்து, லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற அளவுகோல் பிறந்தது. 2016 நவம்பரில், மாநிலங்கள் காப்பகங்களை உண்மையிலேயே நடத்துகின்றனவா என்று ஆராய, தில்லி உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு ஒன்றையும் உச்ச நீதிமன்றம் அமைத்தது.

தில்லியில் 'ரைன் பசேரா' என அழைக்கப்படும் இந்தக் காப்பகங்களை தில்லி நகர்ப்புறக் காப்பக மேம்பாட்டு வாரியம் நிர்வகிக்கிறது. கட்டடங்கள், தகரக் கூடங்கள், குளிர்காலத்துக்கு மட்டும் அமைக்கப்படும் கூடாரங்கள் எனப் பல வகைகள் உண்டு. குடும்பங்களுக்கெனச் சில காப்பகங்களும் உள்ளன. இவை அனைத்தும் குளிரில் யாரும் இறந்துவிடக் கூடாது என்ற உடனடி நோக்கத்தில் உருவானவை. அந்த அளவில் அவை பல உயிர்களைக் காத்துள்ளன என்பதில் ஐயமில்லை.

ஆனால் போதையில் இருந்து மீண்ட ஒருவர் குடும்பத்துடன் ஓராண்டு தங்கித் தலையெடுக்க இவை ஏற்றவையல்ல. போதையில் வருபவரை உள்ளே விட்டால் மற்றவர்களுக்கு இடையூறு. வெளியே அனுப்பினால் அவர் குளிரில் கிடப்பார். இந்த இக்கட்டில் காப்பகப் பணியாளர்கள் நாள்தோறும் தவிக்கின்றனர். மீண்டவரும் மீளாதவரும் ஒரே கூடத்தில் படுக்கும் நிலையும் ஏற்படுகிறது. யமுனைக் கரையில் யமுனா பஜார் பகுதி நெடுங்காலமாக வீடற்றோரும் போதைக்கு அடிமையானோரும் கூடும் இடமாக இருந்துவருகிறது. காப்பகங்களும் அதே பகுதியில்தான் செறிந்துள்ளன. எதிலிருந்து விலகி இருக்க வேண்டுமோ, அதன் வாசலிலேயே தங்க வேண்டியுள்ளது.

காப்பகமே நிலைக்குமா என்பதும் உறுதியில்லை. 2023 பிப்ரவரியில் சராய் காலே கான் பகுதியில் இயங்கிவந்த காப்பகம், உச்ச நீதிமன்றம் தடை விதிக்க மறுத்த நிலையில், இடிக்கப்பட்டது. தங்கியிருந்தவர்கள் வேறு காப்பகங்களுக்கு மாற்றப்படுவார்கள் என்று கூறப்பட்டது. எந்த நேரமும் இடம் மாறலாம் என்ற நிலையில் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதும், வேலை தேடிக்கொள்வதும், சிகிச்சையைத் தொடர்வதும் எளிதல்ல.

சட்டத்தில் இடம் உண்டு

இத்தகைய குடும்பங்களுக்குச் சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 71-வது பிரிவு, சிகிச்சைக்கு மட்டுமின்றி, பின்தொடர் பராமரிப்பு, மறுவாழ்வு, சமூகத்தில் மீண்டும் இணைத்தல் ஆகியவற்றுக்கும் மையங்களை அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' என்பதோடு அந்தப் பிரிவு நின்றுவிடுகிறது, கட்டாயமில்லை.

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. மது, போதைப்பொருள் பழக்கத்துடன் தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும், வீடற்றவருக்கு அரசு மனநல நிலையங்களில் இலவசச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. குடும்பம் இல்லை, வீடு இல்லை, வெளியே தங்க வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-வது பிரிவு. அதற்காக இடைநிலை இல்லங்கள், குழு இல்லங்கள் போன்றவற்றை நியாயமான காலத்துக்குள் அரசு அமைக்கவோ, அமைக்க உதவவோ வேண்டும் என்றும் அது பணிக்கிறது. இங்கே 'அமைக்கலாம்' என்ற சொல் 'அமைக்க வேண்டும்' என்று மாறியுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்பதும் இதே சட்டத்தில் உள்ளது. மூன்று வயதைக் கடந்த குழந்தைக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. கணவருக்குச் சிகிச்சை நடக்கும்போது மனைவியையும் குழந்தைகளையும் எங்கே தங்க வைப்பது என்பதற்கும் சட்டத்தில் பதில் இல்லை.

காகிதத்தில் இருந்த இல்லம்

வியப்பளிப்பது வேறொன்று. காலாவதியான நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பக வழிகாட்டு நெறிமுறைகளில் ஆண்கள் காப்பகம், பெண்கள் காப்பகம், குடும்பக் காப்பகம் ஆகியவற்றுடன் 'சிறப்புக் காப்பகம்' என்ற வகையும் இடம்பெற்றிருந்தது. ஆதரவற்ற முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர், நோயிலிருந்து மீண்டுவருவோர் மற்றும் அவர்களது குடும்பத்தினர் ஆகியோருக்காக அந்த வகை வரையறுக்கப்பட்டது. ஒருவருக்கு 50 சதுர அடி என்ற அளவும் கொடுக்கப்பட்டிருந்தது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 200 சதுர அடி. ஒரு சிறிய அறைக்கு அது போதும்.

அதாவது, 'மீண்டுவருவோரும் அவர்களது குடும்பத்தினரும்' என்ற சொற்றொடரை மத்திய அரசே எழுதி வைத்திருந்தது. ஆனால் அந்த அறையில் தங்குபவருக்குத் தொடர் சிகிச்சையை யார் அளிப்பது, ஆலோசகரின் ஊதியத்தை எந்தத் துறை தருவது, எத்தனை மாதங்கள் தங்கலாம், அதன்பின் எங்கே செல்வது என்ற கேள்விகளுக்கு நகர்ப்புற அமைச்சகம் மட்டும் விடையளிக்க இயலாது. சிகிச்சைக்கு நிதி தரும் அமைச்சகத்துக்கோ வீடு கட்டும் அதிகாரமில்லை.

நிதிக்கும் கட்டடத்துக்கும் வழி இருப்பதாகவே தெரிகிறது. 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-ல் 'குறைந்த வாடகைக் குடியிருப்பு' என்ற பிரிவு உண்டு. சொந்த வீடு வாங்க வசதியில்லாதோர், குறுகிய காலத்துக்கு வீடு தேவைப்படுவோர் ஆகியோருக்கானது அது. பயனாளிகள் பட்டியலில் வீடற்றோரும் ஆதரவற்றோரும் இடம்பெற்றுள்ளனர். அரசு நிதியில் கட்டப்பட்டுக் காலியாகக் கிடக்கும் வீடுகளை வாடகைக் குடியிருப்பாக மாற்றவும் அத்திட்டம் வழி செய்கிறது. தில்லியின் புறநகரான பவானா, நரேலா பகுதிகளில் ஏழைகளுக்கெனக் கட்டி முடித்தும் ஆண்டுக்கணக்கில் குடியேற்றப்படாமல் பல ஆயிரம் அடுக்குமாடி வீடுகள் கிடந்தன என்பது ஊரறிந்த செய்தி.

இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. நகரின் எல்லையில் உள்ள வீட்டைக் கொடுத்துவிட்டு, காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் சந்திப்பும் மருந்து தரும் மருத்துவமனையும் நகரின் நடுவில் இருந்தால் அந்த வீடு பயன்படாது. பேருந்துக் கட்டணத்துக்கே கூலியில் ஒரு பகுதி போய்விடும். நடைபாதைவாசிகள் நகரின் மையத்தைவிட்டு அகலாததற்குக் காரணம் பிடிவாதமல்ல, பிழைப்பு.

சென்னையின் இரு முன்மாதிரிகள்

குடும்பத்தையும் சேர்த்தே குணப்படுத்த வேண்டும் என்ற கருத்து நாட்டுக்குப் புதிதல்ல. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை, குடிநோயாளியுடன் அவரது குடும்பத்தினருக்கும் சிகிச்சைத் திட்டம் வகுத்தது. குடிநோய் வீட்டில் உள்ள அனைவரையும் பாதிக்கும் நோய் என்ற அதன் அணுகுமுறை பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவியது. ஆனால் அங்கும் அடிப்படை ஒன்று உண்டு: திரும்பிச் செல்ல ஒரு வீடும், உடன் வர ஒரு குடும்பமும் இருக்க வேண்டும்.

வீடே இல்லாதவருக்கு என்ன செய்வது என்பதற்கு மற்றொரு சென்னை அமைப்பான 'பேன்யன்' வழிகாட்டியுள்ளது. மனநலம் பாதிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளில் தங்கிவிட்டவர்களை, சாதாரணக் குடியிருப்புப் பகுதிகளில் வாடகை வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்தி, உதவிக்குப் பணியாளரையும் அமர்த்தும் திட்டத்தை 2015-ல் அது தொடங்கியது. பிற மாநிலங்களிலும் இம்முறை பின்பற்றப்பட்டுள்ளது. இது போதையில் இருந்து மீண்டவர்களுக்கென உருவானதல்ல. எனினும், பெரிய விடுதி கட்டாமல், தெருவில் உள்ள வாடகை வீட்டையே இடைக்கால இல்லமாக்க முடியும் என்பதை அது நிரூபித்துள்ளது. முதல் அமைப்பின் சிகிச்சை முறையையும் இரண்டாவது அமைப்பின் குடியமர்த்தும் முறையையும் இணைத்தால், வீடற்ற குடும்பத்துக்குத் தேவையான இல்லம் கிடைத்துவிடும்.

அமெரிக்கா தரும் பாடம்

இடைக்கால இல்லம் என்ற முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள நாடு அமெரிக்கா. 24 மாதங்கள் வரை தங்கவைத்து, ஆலோசனையும் பயிற்சியும் அளிப்பது அங்குள்ள வழக்கம். அது உண்மையில் பலன் தருகிறதா என்றறிய அந்நாட்டு வீட்டு வசதித் துறை 12 பகுதிகளில் காப்பகங்களில் இருந்த 2,282 குடும்பங்களைக் கொண்டு பெரிய ஆய்வை நடத்தியது. போதைக்கு ஆளான குடும்பங்கள் மட்டும் அல்லாமல் எல்லா வகைக் குடும்பங்களும் அதில் இடம்பெற்றன. மூன்றாண்டு முடிவுகள் 2016-ல் வெளியாயின. நீண்டகால வாடகை மானியம் பெற்ற குடும்பங்களில் மீண்டும் வீடிழப்பது பாதிக்கும் மேல் குறைந்தது. இடைக்கால இல்லங்களுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அத்தகைய பெரிய முன்னேற்றம் காணப்படவில்லை.

இடைக்கால இல்லம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அதன் மறுமுனையில் நிலையான வீடு காத்திருக்க வேண்டும் என்பதே பாடம். ஓராண்டு தங்கவைத்து மீண்டும் தெருவுக்கு அனுப்பினால், செலவிட்ட பணமும் சிகிச்சையும் வீணாகும்.

அவர் மீண்டும் குடித்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானதே. போதையில் இருந்து மீள்பவர்களில் பலர் ஒருமுறையாவது சறுக்குகின்றனர். விதிமீறல் என்று குடும்பத்தையே வெளியேற்றினால், தண்டனை குழந்தைகளுக்குப் போய்ச் சேரும். இதற்கும் நம் நாட்டிலேயே தீர்வு உள்ளது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டைக் குடும்பத் தலைவியின் பெயரிலோ, அவரையும் சேர்த்துக் கூட்டாகவோ பதிவு செய்யும் முறை உண்டு. அதே முறையில், இடைக்கால இல்லத்தின் தங்கும் உரிமையைக் குழந்தைகளைப் பராமரிப்பவரின் பெயரில் வழங்கலாம். சறுக்கியவர் மீண்டும் சிகிச்சைக்குச் செல்வார். குழந்தைகள் அதே வீட்டில் இருந்து அதே பள்ளிக்குச் செல்வார்கள்.

குடிகாரருக்கு ஏன் வீடு, குடிக்காத ஏழைக்கு இல்லாதபோது? என்று கேட்பவர்களும் உண்டு. அரசியல்வாதிகள் இப்பிரச்னையைத் தொடத் தயங்குவதற்கும் இக்கேள்வியே காரணம். மது விற்பனையும் அதன் மீதான வரியும் மாநிலங்களின் கையில் உள்ளன. தமிழகத்தில் 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறை விற்பனை செய்கிறது. தில்லியிலும் 2022 செப்டம்பரில் சில்லறை விற்பனை மீண்டும் அரசுக் கழகங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 47-வது பிரிவு கூறும் நாட்டில், விற்பனையில் வருவாய் ஈட்டும் அரசு அதன் விளைவுகளில் மட்டும் விலகி நிற்க இயலாது. மேலும், வீடு கேட்பது குடித்தவர் மட்டுமல்ல. குடிக்காத மனைவியும் குழந்தைகளும்தான்.

நாடாளுமன்றம் கேட்க வேண்டியது

நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. காப்பகங்கள் குறித்த கேள்விக்கு நகர்ப்புற அமைச்சகம் பதிலளிக்கும். போதை மறுவாழ்வு குறித்த கேள்வி சமூக நீதி அமைச்சகத்துக்குச் செல்லும். குழந்தைகள் இல்லம் குறித்து மகளிர் அமைச்சகம் விளக்கம் தரும். ஒவ்வொரு பதிலிலும் எத்தனை மையங்கள், எவ்வளவு நிதி, எத்தனை பயனாளிகள் என்ற பட்டியல் இணைக்கப்படும். சிகிச்சை முடித்த எத்தனை பேர் திரும்பிச் செல்ல வீடில்லாமல் இருந்தனர் என்ற எண் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. மறுவாழ்வு மையங்களின் பதிவேட்டில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தால் கிடைக்கக்கூடிய தகவல் இது.

வீடற்றோரைக் கண்டறிவது இயலாது என்ற வாதமும் எடுபடாது. வீடற்றவர் வாக்காளராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தால், முகவரிச் சான்று கேட்கப்படுவதில்லை. வாக்குச்சாவடி அலுவலரே இரவில் நேரில் சென்று, அவர் அங்கு உறங்குகிறாரா என்று உறுதிசெய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. வாக்குரிமைக்காக நள்ளிரவில் நடைபாதைக்குச் செல்லும் நிர்வாகத்துக்கு, சிகிச்சைக்காகவும் குடியமர்த்தவும் அங்கு செல்வது கடினமல்ல.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூனில் வெளியானது. 2011-ல் வீடற்றோர் பிப்ரவரி 28-ம் தேதி இரவில் கணக்கெடுக்கப்பட்டனர். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நடைபெறும் அடுத்த கணக்கு, புதிய திட்டத்தின் அளவைத் தீர்மானிக்க உதவும். ஆனால் எண்ணிக்கை வந்த பிறகே திட்டம் என்று காத்திருக்க வேண்டிய அவசியமில்லை; சிகிச்சை மையங்களில் இருந்து ஒவ்வொரு நாளும் மீண்டவர்கள் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு குறிப்பிட்ட நகர்ப்புற வறுமை ஒழிப்பு இயக்கத்தின் விதிமுறைகளில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூன்று அம்சங்களைத் தேட வேண்டும். மீண்டவரின் குடும்பம் முழுவதும் ஒரே கூரையின்கீழ் தங்க இடம் உண்டா என்பது முதலாவது. காப்பகத்தை நடத்தும் அமைச்சகமும் சிகிச்சைக்கு நிதி தரும் அமைச்சகமும் ஒரே உத்தரவில் கையெழுத்திட்டுள்ளனவா என்பது இரண்டாவது. தங்கும் காலம் முடிந்ததும் வாடகைக் குடியிருப்பில் இடம் உறுதி செய்யப்பட்டுள்ளதா என்பது மூன்றாவது. இம்மூன்றும் இல்லாவிட்டால், 'மீண்டுவருவோரும் அவர்களது குடும்பத்தினரும்' என்ற சொற்றொடர் பழைய திட்டத்தில் இருந்ததுபோலவே புதிய திட்டத்திலும் அச்சில் மட்டுமே இருக்கும். கணவர் மறுவாழ்வு மையத்திலும், மனைவி காப்பகத்திலும், மகன் குழந்தைகள் இல்லத்திலுமாகக் குடும்பங்கள் சிதறுவதும் தொடரும்.